சுடும் கல்லும் சுடாத விரிப்பும்: தரையிலிருந்து ஒரு வெப்பப் பாடம்

கடந்த மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி குதிகாலை ஊன்றாமல் விரல்களால் மட்டும் நடந்து வகுப்புக்குள் வந்தாள். கேட்டதற்கு முதலில் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, செருப்பை அம்மாவிடமே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்து கிடந்த கருங்கல் தளத்தைக் கடந்து உள்ளே போயிருக்கிறாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அருணாசலேசுவரர் கோயில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பு. அதில் பெரும்பகுதி திறந்தவெளிக் கல்தளம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமியன்று பெரும்பாலோர் மாலைக்கு மேல்தான் நடக்கத் தொடங்குவார்கள். ஏன் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, காலே சொல்லிவிடும். கோடையில் நடக்கும் வழியில் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளிப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் ‘வெப்பம்’ பாடத்தைத் திருப்புதல் செய்தபோது இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன். “கல் வெயிலில் அதிகம் சூடாகிறது, நார் விரிப்பு குறைவாகச் சூடாகிறது, அதனால்தான் விரிப்பில் நடந்தால் சுடுவதில்லை” என்றேன். பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லி வருகிறேன்.

கால் புண்ணோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் கேட்டாள். “டீச்சர், விரிப்பும் அதே வெயில்லதானே கிடக்குது? அது மட்டும் எப்படி சூடாகாம இருக்கும்?”

சரியான பதில் என்னிடம் இல்லை. “அளந்து பார்ப்போம்” என்று சொல்லித் தப்பித்தேன்.

அளப்பதும் அவ்வளவு எளிதாக இல்லை. கொரோனா காலத்தில் பள்ளிக்கு வாங்கிய, நெற்றியில் காட்டும் வெப்பமானி ஒன்று பீரோவில் இருந்தது. அதைக் கல்லின் மேல் காட்டினால் எண்ணே வரவில்லை. உடல் வெப்பநிலைக்கென்று செய்த கருவி அது. 42, 43 டிகிரிக்கு மேல் காட்டாது. ஏ.சி. பழுது பார்க்கும் உறவினர் ஒருவரிடம் தொழிலுக்கான அகச்சிவப்பு வெப்பமானியை இரண்டு நாள் இரவல் வாங்கினேன். (பளபளப்பான எவர்சில்வர் தட்டை இதனால் அளக்காதீர்கள். அது தன் வெப்பத்தைச் சரியாக உமிழாது, சுற்றியுள்ளதைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். எங்களுக்கு ஒரு தட்டு வெயிலில் 30 டிகிரி காட்டியது, தொட்டவன் கையை உதறினான்.)

பள்ளி வளாகத்திலேயே ஒரு கருங்கல் பலகை, சிமெண்ட் தளம், ஒரு நார் மிதியடி, உடைந்த பெஞ்சின் பலகை ஆகியவற்றைக் காலை முதல் வெயிலில் விட்டு, மதியம் ஒரு மணிக்கு அளந்தோம். கல் 57 டிகிரி. சிமெண்ட் தளம் 51. மரப்பலகை 56. நார் மிதியடி 58.

மிதியடிதான் எல்லாவற்றையும்விட அதிகச் சூடு. வகுப்பு அமைதியாகிவிட்டது, நானும்தான்.

யோசித்தால் இதில் வியப்பில்லை. கல், மேலே விழும் வெப்பத்தைக் கீழே தன் உடலுக்குள் கடத்திவிடுகிறது. நார் கடத்துவதில்லை, வாங்கியதை மேல்பரப்பிலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் அதன் மேல்தோல் கல்லைவிடச் சூடாகவே இருக்கலாம். ஆனால் நாம் கால் வைத்ததும் நிலைமை தலைகீழாகிறது. கல், தன் ஆழத்தில் சேர்த்து வைத்திருக்கும் வெப்பத்தை விடாமல் நம் காலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நாரிடம் கொடுப்பதற்கு மேல்பரப்பில் இருந்த சிறிதளவுதான் உண்டு. அது தீர்ந்ததும் உள்ளிருந்து வருவதற்கு வழியில்லை.

நம் தோல் வெப்பநிலையை அளக்கும் கருவியல்ல. தோலுக்கும் பொருளுக்கும் இடையில் உண்டாகும் தொடுபரப்பின் வெப்பநிலைதான் அதற்குத் தெரியும். ஆசிரியர்கள் தங்கள் தெளிவுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருளின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கருங்கல்லுக்கு ஏறத்தாழ 2400, நம் தோலுக்கு 1200, மரத்துக்கு 400 என்று வரும். அதாவது கல்லும் தோலும் தொடும்போது கல்லுக்கு 2 பங்கு, தோலுக்கு 1 பங்கு. மரமும் தோலும் தொடும்போது மரத்துக்கு 1 பங்கு, தோலுக்கு 3 பங்கு. இரண்டும் 57 டிகிரி என்றும், பாதத்தின் தோல் 34 டிகிரி என்றும் கொள்வோம். கல்லைத் தொட்ட கணத்தில் தொடுபரப்பு (2×57 + 34) ÷ 3, அதாவது சுமார் 49 டிகிரி. மரத்தைத் தொட்டால் (57 + 3×34) ÷ 4, சுமார் 40 டிகிரி. தோலுக்கு ஏறக்குறைய 43, 44 டிகிரியில் வலி தொடங்கிவிடும். ஒன்று அந்தக் கோட்டுக்கு மேலே, மற்றது கீழே. கொப்புளத்துக்கான காரணம் இவ்வளவுதான்.

சராசரிக் கணக்குத்தான் என்பதால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் இதைப் போட்டுவிடுகிறார்கள். தொடக்கப்பள்ளியில் கணக்கே வேண்டாம். நிழலில் இருக்கும் இரும்பு மேசைக்காலையும் மரப்பலகையையும் தொடச் சொல்லுங்கள். இரும்பு ‘ஜில்’லென்று இருக்கிறது என்பார்கள். வெப்பமானி இரண்டுக்கும் ஒரே அளவைக் காட்டும். அது போதும்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “எங்க அண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ல கொரியாக்காரங்க கம்பெனில வேலை செய்யறான். அவங்க ஊர்ல வீட்டுத் தரையைச் சூடாக்கி அதுமேலதான் படுப்பாங்களாம்” என்றான். வகுப்பே சிரித்தது. “காசு குடுத்தா தரையைச் சூடாக்குவாங்க? இங்க வரச் சொல்லு, சும்மாவே கெடைக்கும்!”

அந்தச் சிரிப்பை அடக்காமல் பயன்படுத்திக்கொண்டேன். ‘மின்னோட்டவியல்’ பாடத்தில் ஜூல் வெப்ப விதியை நடத்த வேண்டிய நேரம். அயர்ன் பாக்ஸ், டோஸ்டர், வாட்டர் ஹீட்டர் என்ற வழக்கமான பட்டியலுக்குப் பதில் இந்த முறை தரையைச் சூடாக்கினோம்.

அந்த மாணவன் சொன்னது உண்மைதான். கொரியாவில் சமையல் அடுப்பின் புகையைத் தரைக்கற்களுக்கு அடியில் செலுத்திச் சூடேற்றும் பழைய முறைக்கு ஒண்டோல் என்று பெயர். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளிலும் தரைதான் சூடு தருகிறது, புகைக்குப் பதில் வெந்நீர்க் குழாய்கள். ரோமானியர்கள் தங்கள் குளியல் கூடங்களின் தரையைச் சிறு தூண்களின் மேல் நிறுத்தி அடியில் நெருப்பின் வெப்பக்காற்றை ஓடவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், காஷ்மீரில் மசூதிகளிலும் பழைய வீடுகளிலும் ஹமாம் என்ற அறை உண்டு. கற்பலகைத் தளத்துக்கு அடியில் விறகு எரியும். பனிக்காலத்தில் மேலே மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். நம்மை விரட்டும் அதே சூட்டுக்கல் அங்கே கூப்பிட்டு உட்காரவைக்கிறது.

இப்போது குளிர்நாடுகளில் அலுவலகம், கடை, பணிமனை, பள்ளி போன்ற கட்டடங்களில் விறகின் இடத்துக்கு மின்கம்பி வந்துவிட்டது. அமைப்பு மிக எளிது. கீழே வெப்பக்காப்புப் பலகை. அதன்மேல் மின்தடை மிகுந்த உலோகக் கலவையாலான, உறையிட்ட கம்பியைப் பாம்புபோல வளைத்து வளைத்துப் பரப்புவார்கள். கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. மேலே சிமெண்ட் கலவை, அதன்மேல் ஓடு. தரைக்குள் ஒரு வெப்ப உணரி, சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் கட்டாயம் இருக்கும். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 வாட் வரை.

எங்கள் வகுப்பறையைக் கணக்குக்கு எடுத்தோம். 6 மீட்டருக்கு 6 மீட்டர், 36 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 100 வாட் என்றால் மொத்தம் 3600 வாட். 230 வோல்ட்டில் மின்னோட்டம் 15.65 ஆம்பியர். மின்தடை 14.7 ஓம். I²R என்று திரும்பப் பெருக்கினால் அதே 3600 வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3.6 யூனிட்; எட்டு மணி நேரம் முழுவதும் ஓடினால் 28.8 யூனிட். ஒரு நாளைக்கு, ஒரு வகுப்பறைக்கு! தங்கள் வீட்டு மின்கட்டண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். நம் முற்றத்துக்கு நண்பகலில் சூரியன் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் தருகிறது? தெளிந்த வானத்தில் சுமார் 1000 வாட். அந்தக் குளிர்நாட்டுத் தரைக்குக் கொடுப்பதைப்போல் பத்து மடங்கு. கருமையான கல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்நாடுகளில் மனிதர்கள் நெடுநேரம் நிற்கும் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி இருக்கிறது. அதற்கு மேல் போனால் கால் வியர்த்து அசௌகரியம். எங்கள் கல் 57. கால் சுட்ட பெண்ணின் வகுப்புக்கும் இந்த இரண்டு எண்களை எடுத்துப்போய்க் கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு மாணவன் விடாமல் கேட்டான்: “வெப்பம் மேலேதானே டீச்சர் போகும், அப்புறம் எதுக்கு அடியில காப்பு?” இந்தத் தவறான கருத்து கட்டுரை நோட்டுகளில் எனக்கு அடிக்கடி அகப்படுகிறது. மேலே போவது சூடான காற்று, அது வெப்பச்சலனம். கடத்தலுக்கு மேல் கீழ் கிடையாது. எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் போகும். காப்பு இல்லாவிட்டால் கட்டணம் கட்டி மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருப்போம்.

இதை நம்பவைக்க ஒரு மாதிரி செய்தோம். விரும்பும் ஆசிரியர்கள் செய்யலாம், ஆனால் வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஒருபோதும் வேண்டாம். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் மட்டும் போதும். மின் கடையில் கிடைக்கும் 1000 வாட் ஹீட்டர் காயிலின் மின்தடை சுமார் 53 ஓம். அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டினால் 12 ஓம் கிடைக்கும், மல்டிமீட்டரில் சரிபார்த்துக்கொள்ளலாம். 12 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர், 12 வாட். 30 செ.மீ.க்கு 40 செ.மீ. தட்டு என்றால் 0.12 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு மிகச் சரியாக 100 வாட், உண்மையான தரையைப் போலவே. தட்டில் தெர்மோகோல் பரப்பி, அதன்மேல் மெல்லிய சிமெண்ட் பூச்சு, அது இறுகியபின் நீட்டிய கம்பி, மேலே மீண்டும் கலவை, மொத்தம் இரண்டரை செ.மீ. ஒரு வாரம் உலரவிட்ட பிறகே மின்சாரம். இன்னொரு தட்டில் தெர்மோகோல் இல்லாமல் இதையே செய்தோம்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். காப்பு உள்ள தட்டு 4 டிகிரி ஏறியது. காப்பு இல்லாதது 2 டிகிரி. பிள்ளைகளுக்கு ஏமாற்றம், தோசைக்கல் போலக் காயும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நான் தன்வெப்ப ஏற்புத்திறன் கணக்கைப் போடச் சொன்னேன். கலவை 6 கிலோ, கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற சுமார் 880 ஜூல். 12 வாட் 40 நிமிடத்தில் தருவது 28,800 ஜூல். வகுத்தால் 5.5 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. மீதம் காற்றுக்குப் போயிருக்கிறது. எதிர்பார்ப்பு பொய்த்தாலும் விடை பொருந்தியதில் சிலருக்கு வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

இந்த மந்தத்தன்மைதான் தரைச் சூட்டின் பலவீனம், பலமும்கூட. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் அலுவலகத்தில் தரையை விடிவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அணைத்த பிறகும் பல மணி நேரம் சூடு நிற்கும். மின்கட்டணம் இரவில் மலிவாக உள்ள நாடுகளில் இரவெல்லாம் தடித்த தளத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் செலவழிக்கிறார்கள். நம் ஊரில் பகலில் சேமித்த சூட்டை இரவு எட்டு மணிக்கும் கல்தளம் திருப்பித் தந்துகொண்டிருப்பது இதே கணக்குதான்.

வெப்பமான நம் மாநிலத்தில் தரையைச் சூடேற்றும் வேலையே இல்லை என்று முடித்துவிட நினைத்தேன். அப்படி இல்லை. மீன், இறால், ஐஸ்கிரீம் ஆகியவற்றை வைக்கும் உறைகுளிர்க் கிடங்குகளில் உள்ளே பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி அல்லது அதற்கும் குறைவு. தரைக்கு அடியில் எவ்வளவு காப்பு இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் குளிர் கீழே இறங்கும்; கடைசியில் மண்ணின் ஈரம் உறையும். உறைந்த இடம் சுற்றியுள்ள ஈரத்தையும் இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாக வளரும். அது தரையைத் தூக்கும், கான்கிரீட் வெடிக்கும், பெட்டிகள் அடுக்கிய உயரமான ரேக்குகள் சாயும். இதைத் தடுக்கக் காப்புக்குக் கீழே சதுர மீட்டருக்கு மிகக் குறைந்த வாட்டில் மின்கம்பி பதித்து மண்ணைப் பூச்சியத்துக்கு மேல் சில டிகிரியில் வைத்திருப்பார்கள். வெப்ப நாடுகளில் கம்பிக்குப் பதில் தரைக்கடியில் குழாய்களைப் பதித்து வெளிக்காற்றை ஓடவிடுவதும் உண்டு. நம் வெயில் காற்றே அங்கே ஹீட்டர். பால் குளிரூட்டும் நிலையத்தில் 4 டிகிரிதான், அங்கே மண் உறையாது என்பதால் இது தேவையில்லை. ‘எங்கே தேவை, எங்கே தேவையில்லை’ என்று இரண்டையும் வைத்துக் கேள்வி கேட்டால் உயர்சிந்தனை வினா தயார்.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு சொன்னேன். ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஓர் அலுவலகக் கட்டடத்தை இரண்டு சமபாதியாகக் கட்டியது. ஒரு பாதியில் வழக்கமான குளிரூட்டல். மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். இரண்டாவது பாதிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் குறைவாகப் பிடித்தது. ஒரே கட்டடத்தில் ஒரே ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பிட்டது, கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று விளக்கவும் எனக்கு உதவியது.

இனி என் பங்கு. எங்கள் பள்ளியில் செருப்பை வளாகத்தின் முன்புறத் தாழ்வாரத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது நடைமுறை. வகுப்பறை மண்ணாகக் கூடாது என்று அதைக் கண்டிப்பாக்கியவள் நான்தான். மதிய உணவுக்குப் போகவும் வரவும் பிள்ளைகள் அந்த 51 டிகிரி சிமெண்ட் தளத்தை வெறுங்காலோடு கடக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்பதைப் பசியின் அவசரம் என்று நினைத்து, “ஓடாதே, நடந்து போ” என்று அதட்டியிருக்கிறேன். நான் எப்போதும் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியரிடம் அளவுகளைக் காட்டினேன். செருப்பு அடுக்கு இப்போது வகுப்பறை வாசலுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஓராள் அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். மதியம் ஒரு மணிக்கு அது 44 டிகிரி, பக்கத்துச் சிமெண்ட் 51. வெறும் சுண்ணாம்பாக இருந்ததால் இரண்டு வாரத்தில் நடுவில் தேய்ந்துபோனது. மீண்டும் அடிக்கும்போது கோந்து கலந்தோம். மழைக்காலத்தில் வழுக்குகிறதா என்று பார்த்துத்தான் நிலையாக்க வேண்டும்.

வெப்பமானியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தப் பெண் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். வீட்டு வாசலில் கிடக்கும் கருங்கல் படி: மாலை ஆறரைக்கு 44, எட்டு மணிக்கு 39, பத்து மணிக்கு 35. அடியில் ஒரு வரி: ‘எட்டு மணிக்கு மேல் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனால் செருப்பு வேண்டாம்.’ நான் சிவப்புப் பேனாவால் ‘அதற்கு முன்பும் போட்டுக்கொண்டு போ, வாசலுக்கு வெளியே நின்று கொடு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.